தரங்கம்பாடி ஆட்டோ சவாரி: சரித்திரத்தில் கோட்டை விட்டவர்

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். டிரைவரின் பெயரையும் நம்பரையும் இங்கே போடப் போவதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் "கோட்டையா, கோயிலா, சர்ச்சா?" என்று யார் முதலில் ஓடி வருகிறாரோ, அவர்தான்.

முதலில் காசு விஷயம். மூன்று மணி நேரத்துக்கு 600 ரூபாய் பேசினோம், தில்லையாடியும் சேர்த்து. கடைசியில் 750 வாங்கிவிட்டார். "தில்லையாடி எக்ஸ்ட்ரா டீச்சர்" என்றார். நான் டீச்சர் என்று அவரிடம் சொல்லவே இல்லை. வந்த வழியெல்லாம் அவரைத் திருத்திக்கொண்டு வந்ததில் கண்டுபிடித்திருப்பார்.

1991, 2001, 2011 என மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் வீடு வீடாகப் படியேறியவள் நான். எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்தைப் பார்க்கும் முன் கதவுகளை எண்ணிப் பழகிவிட்டது. அதனால் இந்த மதிப்பீடு கொஞ்சம் கறாராகத்தான் இருக்கும்.

ஊருக்குள் நுழையும் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். 1792-ல் டேனிஷ்காரர்கள் திரும்பக் கட்டிய வாசல் அது. வண்டியை அதன் நிழலில் நிறுத்தி, "தரங்கம்னா அலை, பாடின்னா பாடுறது. பாடும் அலைகள், டீச்சர்" என்றார். தரங்கம் அலைதான், சரி. பாடி என்றால் குடியிருப்பு, தம்பி. காட்பாடியும் வாணியம்பாடியும் என்ன பாட்டா பாடுகின்றன? என் வீட்டுக்காரர் பின் சீட்டிலிருந்து முழங்கையால் இடித்தார். கல்வெட்டில் இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்றே பேர் என்று சொன்னதற்கு, "கேக்க நல்லா இல்லையே" என்று முகத்தைச் சுளித்தார். அதுவும் ஒரு நியாயந்தான்.

கோட்டையில் அவர் சொன்ன கதை ரொம்ப ஜோர். "ராஜா எலையில எழுதிக் குடுத்துட்டாரு டீச்சர், எடுத்துக்கடான்னு." இலை இல்லை, தங்க ஓலை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அனுப்பியது. வாசகம் தமிழில், நாயக்கரின் கையெழுத்து தெலுங்கில். இப்போது கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மிளகு வாங்கக் கப்பலில் வந்தவர்களுக்குக் கடலோரத்தில் கொஞ்சம் இடம் கொடுத்தார். அவர்கள் கோட்டை கட்டி 225 வருடம் உட்கார்ந்துவிட்டார்கள். 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனதை மட்டும் தொகையோடு சொன்னார், 12½ லட்சம் ரூபாய் என்று. தொகை சரி. ஆனால் வங்காளத்தில் இருந்த செராம்பூரும் அந்த விலையிலேயே அடக்கம். "இன்னிக்கு இந்த ராஜ வீதியில ஒரு மனை வருமா அதுக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். டிரைவர் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுத்துச் சிரித்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

1701-ல் எழுப்பிய சீயோன் ஆலயத்தை "இந்தியாவிலேயே முதல் புராட்டஸ்டண்ட் சர்ச்" என்றார். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680-லேயே வந்தாயிற்று. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-ல் இறங்கி அச்சடித்த தமிழ்ப் புத்தகமே முதல் தமிழ்ப் புத்தகம் என்றார். அதற்கு நூறு வருடத்துக்கும் முன்னால், 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்க்கின் கல்லறையைக் காட்டினார். அதில் மட்டும் பிசகில்லை. கடற்கரையில் ஓசோன் காற்று, நன்றாக இழுத்து விடுங்கள் என்றார். ஓசோனை மூச்சில் இழுத்தால் நெஞ்சுக்குக் கெடுதல் என்று ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் மறுபடி இடித்தார்.

இதுவரை கணக்குப் போட்டால் இரண்டு நட்சத்திரந்தான். பொறையாறு போகும் வழியில் நிலைமை மாறியது. அச்சடிக்கக் காகிதத்துக்கு எங்கே போனார்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன். "கடுதாசிப்பட்டறை டீச்சர்! அந்த எடத்துக்கே பேரு அதான்" என்றார். மிஷனரிகள் காகித ஆலை போட்டதைப் படித்திருக்கிறேன். ஆனால் அந்த இடத்தை வழக்கில் என்ன சொல்வார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

தில்லையாடியில், தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு போராடிய வள்ளியம்மையின் நினைவகத்தில் இறங்கியபோது எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெண் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

எட்டாம் வகுப்பு சுற்றுலாவுக்கு மாயவரத்திலிருந்து ரயிலில்தான் இங்கே வந்தேன். 1926-ல் போட்ட பாதை, 1986-ல் நிறுத்திவிட்டார்கள். ஊர் தூங்கிப்போன காரணத்தை அதோடு சேர்த்து அவருக்குச் சொன்னேன். 1845 முதல் 1860 வரை தஞ்சை ஜில்லா கலெக்டர் ஆபீஸ் இங்கேதான் நடந்தது. அது தஞ்சாவூருக்குப் போயிற்று. அடுத்த வருடமே நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்து சரக்குக் கப்பலையும் அங்கே இழுத்துக்கொண்டது. அவர் கவனமாகக் கேட்டார். அடுத்த சவாரியில் இதைத் தன் கதையாகச் சொல்வார், தேதிகளை மாற்றி.

என் பாடத்துக்கு இப்போது வருகிறேன். 2011 கணக்கில் இந்தப் பேரூராட்சியில் 23 ஆயிரத்துச் சொச்சம் பேர். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. கோட்டைப் பக்கத் தெருக்களில் நடந்தால் அத்தனை ஜனம் எங்கே என்று தோன்றும். அவரைக் கேட்டேன். வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே சொன்னார்: "இந்த வீடு பூட்டு. இது மெட்ராஸ், பொங்கலுக்கு வருவாங்க. இது சிங்கப்பூர். இதுல ஒரு பாட்டி மட்டும். இது மூணு அடுப்பு." மூன்று அடுப்பு! ஒரே கூரையின் கீழ் எத்தனை அடுப்போ அத்தனை குடும்பம் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்ததை அவர் தானாகவே வைத்திருக்கிறார். ஒரு தெருவைக் கால்மணி நேரத்தில் முடித்தார். எனக்கு அரை நாள் ஆகியிருக்கும்.

மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போனோம். பாண்டியர் காலத்துக் கோயில். முன்பகுதியைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. இப்போது அலைக்குத் தடுப்பாகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து மீனவர் குடியிருப்பு தெரிந்தது. 2004 சுனாமியைப் பற்றிக் கேட்டேன். ஏறியதிலிருந்து வாய் மூடாதவர், "அதெல்லாம் சவாரில சேராது டீச்சர்" என்று வண்டியைத் திருப்பினார்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பகல் பதினொன்றுக்குள் கடற்கரையை முடித்துவிடுங்கள், நிழல் கிடையாது. தேதி வேண்டுமானால் கோட்டை அருங்காட்சியகத்துப் பலகையைப் படித்துக்கொள்ளுங்கள், இவரிடம் கேட்காதீர்கள்.

அரை நட்சத்திரம் எங்கே குறைந்தது என்றால், மூன்றரை மணிக்கு எங்களை நடுவழியில் வைத்துக்கொண்டே ஸ்கூல் சவாரிக்குத் திருப்பிவிட்டார். கேட்கவும் இல்லை. ஒன்பது பிள்ளைகள் ஏறினார்கள். ஒன்று வீட்டுக்காரர் மடியில், ஒன்று என் மடியில், தண்ணீர் பாட்டில் என் கால்மேல். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி இறக்கினார். முன்னால் "பூட்டு" என்று அவர் சொன்ன வீடுகளில் ஒன்றின் முன்னால் ஒரு வாண்டு இறங்கி, சாவியை வாங்க எதிர்வீட்டுக்கு ஓடியது. "தம்பி, பூட்டுன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"பகல்ல பூட்டு, டீச்சர்."

என் கணக்கில் ஒரு வீட்டைத் திருத்திக்கொண்டேன்.