பழைய லொறியின் பின்சில்லு: கழுவிப் போடுவதா, மாற்றுவதா?

பின்சில்லில் ஒயில் கசிந்தால் யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் இரண்டு யோசனை சொல்வார்கள்: பழைய பெயாரிங்கை (சில்லைச் சுழல விடும் உருளைகள் கொண்ட பாகம்) கழுவிப் புதுக் கிறீஸும் சீலும் (ஒயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) போடுவது, அல்லது பெயாரிங்கையும் சேர்த்து மாற்றுவது.

செலவு: முதலாவதில் சீல், கிறீஸ், கூலி மட்டும். இரண்டாவதில் சில்லுக்கு உள், வெளி என இரண்டு பெயாரிங் கூடும்.

வேலை: மாற்றுவதென்றால் ஹப்புக்குள், அதாவது சில்லின் நடுக்குடத்துக்குள், இறுகிய பெயாரிங்கின் வெளிவளையத்தையும் தட்டி எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு உருளைகளை மட்டும் புதிதாகப் போடுவது வீண்செலவு. பழைய தேய்மானம் புதியதைத் தின்றுவிடும்.

எவ்வளவு காலம் உழைக்கும்: இதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, உருளைகளை வெயிலில் திருப்பிப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் குழியோ, சூட்டில் நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். பளபளவென்று இருந்தால், சரி, கழுவிப் போடலாம்.

எதைச் செய்தாலும் சீல் புதிதாக இருக்க வேண்டும். அச்சின் காற்றுத் துவாரம் அடைபட்டிருந்தால் புதுச் சீலும் கசியும். ஒயில் ஊறிய பிறேக் லைனிங்கைத் துடைத்துப் போட விடாதீர்கள், உயிர் விஷயம்.

நாவற்குழி, சாவகச்சேரி என்று கிட்ட ஓடும் லொறியில் பெயாரிங் நன்றாக இருந்தால் முதலாவது போதும். வெங்காயம் ஏற்றி ஏ9 வழியே தம்புள்ளைக்குப் போவதென்றால், சிறு சந்தேகம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.