கலியாண ஹோல் பக்கேஜ்: சாப்பாடு சரி, சந்தோசக் காசு யாருக்குப் போகுது?

யாழ்ப்பாணத்துக் கலியாண ஹோல்களில் மணவறை, சாப்பாடு, மேளம், வீடியோ எல்லாவற்றையும் ஒரே பில்லில் போட்டுத் தருகிற பக்கேஜ், ஓடித்திரிய ஆளில்லாத வீட்டுக்குப் பெரிய உதவி. கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் முதல்தான் லண்டனிலும் கனடாவிலும் இருந்து வந்திறங்குகிற குடும்பங்களுக்கு இன்னும் வசதி. குழப்பம் வருவது வேலை செய்தவர்களுக்குக் குடுக்கிற சந்தோசக் காசில்தான்.

பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் இருந்தால் அட்வான்ஸ் கட்ட முதலே கேளுங்கள்: அது பரிமாறுகிறவர்களுக்குப் பிரிபடுமா? நாள் கூலிக்கு வருகிற பெடியளுக்கும் பங்குண்டா? மழுப்பலான பதில் வந்தால், ஆளுக்கு 500 அல்லது 1000 ரூபா தனித்தனி என்வலப்பில் போட்டு நேரே குடுங்கள். மனேஜரிடம் மொத்தமாய்க் குடுத்தால் சமையல்கட்டுக்குப் போய்ச் சேருமென்று நம்பியிருக்க ஏலாது. பந்தியில் நிற்பவர் கண்ணில் படுவார், பின்பக்கம் அண்டா கழுவுகிறவர் படமாட்டார். என்வலப்பை அவரிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

மேளம் வேறு கணக்கு. பேசின காசு தலைமை வித்துவானிடம் போகும், மற்றத் தவில், நாதஸ்வரம், தாளக்காரருக்குப் பிரிப்பது அவர் பொறுப்பு. மேலதிகமாய்க் குடுப்பதென்றால் வெற்றிலை பாக்குத் தட்டில் 1001, 2001 என்று வைத்துச் சபையில் குடுப்பதுதான் மரியாதை. வாசித்துக்கொண்டிருப்பவரின் மடியில் தாளைச் செருகுவது அழகில்லை.

"ஐயர் உட்பட" என்று பக்கேஜில் எழுதியிருக்கும். பேசின தொகை வேறு, கிரியைக்கு நடுவில் தட்டில் வைக்கிற தட்சணை வேறு. அது வீட்டார் பாடு. உதவி ஐயரையும் கணக்கில் சேர்த்து 100 ரூபாத் தாளும் குற்றிக் காசும் வைத்திருங்கள். முகூர்த்த நேரத்தில் 5000 ரூபாவை மாத்த ஒருவரும் கடைக்கு ஓடமாட்டினம். தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கான பொன்னுருக்குக்கு வருகிற பத்தருடைய (நகை செய்கிறவருடைய) தட்டு பக்கேஜுக்கு வெளியே என்பதால் அனேகமாய் மறந்துபோகும்.

மணவறை சோடிக்கிறவர்கள் முதல்நாள் இரவு வேலை முடித்துப் போய்விடுவார்கள். கழற்ற வருவது பெரும்பாலும் வேறு ஆட்கள். அதனால் சோடித்தவர்களுக்குரியதை இரவுத் தேத்தண்ணியோடேயே குடுத்துவிட வேணும். வீடியோ முதலாளிக்குத் தனியாய் ஒன்றும் தேவையில்லை, லைற் பிடிக்கிற பெடியனுக்குத்தான் குடுக்க வேணும். அறுகும் அரிசியும் போட்டு வாழ்த்துகிற அறுகரிசி முடியும்வரை வீடியோக்காரர் நகர ஏலாது. கடைசிப் பந்தியில் சோறு முடிந்தாலும் கறி முடிந்தாலும் அகப்படுவது அவர்கள்தான், ஆகவே சாப்பாட்டை முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பொம்பிளையை அலங்கரித்து வெளிக்கிடுத்துபவர் தன் கட்டணத்தைத் தானே தீர்மானிப்பவர். அவருடைய உதவியாளருக்கு மட்டும் ஏதாவது குடுத்தால் போதும்.

என்வலப் பையை மாப்பிள்ளைத் தோழனிடம் குடுக்காதீர்கள். அவர் மணவறையை விட்டு இறங்க ஏலாது. பெயர்ப் பட்டியலோடு நிதானமான ஒரு சித்தப்பாவிடம் குடுங்கள். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ஆளுக்கொரு யூரோத் தாளைக் கண்டவர் கையில் திணித்தால் ஒருவருக்கு மூன்று தரம் கிடைக்கும், இன்னொருவருக்கு ஒன்றும் கிடைக்காது. லண்டன் பவுண்ஸ் குற்றிக் காசென்றால் இங்கே மாத்தவும் ஏலாது.