சைக்கிள் ரிம்ல ஒரு கேசினோ சக்கரம்: மூணு டிசைன் போட்டுப் பாத்தேன், எது தேறுச்சு?

டியூஷன்ல பிளஸ் டூ பசங்களுக்கு நிகழ்தகவு நடத்தணும்னு பழைய சைக்கிளோட பின் சக்கரத்த எடுத்து ஒரு சுழல் சக்கரம் செஞ்சேன். நம்ம ஊரு பழைய சைக்கிள்ல பின்னாடி 40 ஸ்போக் இருக்கும், அதனால கோணமானி வெச்சு அளக்குற வேலையே இல்ல, ஸ்போக்குக்கு ஸ்போக் ஒரு கட்டம்னு 40 கட்டம் தானா கெடச்சிருச்சு. பழைய எக்ஸ்ரே ஷீட்ட நாக்கு மாதிரி வெட்டி ஸ்டாண்டுல சொருகுனா டரக் டரக்னு சத்தம் போட்டு நிக்குது. காசு கெடையாது, பந்தயம் எல்லாமே புளியங்கொட்டைலதான்.

சக்கரம் ஒண்ணுதான், அதுமேல என்ன ஆட்டத்த எழுதுறதுங்கறதுலதான் மூணு டிசைன் போட்டிக்கு வந்துச்சு. ஒண்ணு ரவுலட் (எந்த நம்பர்ல, எந்த நிறத்துல நிக்கும்னு பந்தயம் கட்டுற கேசினோ சக்கரம்) மாதிரி, இன்னொண்ணு லாஸ் வேகாஸ்ல பிக் சிக்ஸ்னு ஒரு பெரிய சக்கரம் நிக்குமே அது மாதிரி, மூணாவது 10 கொட்டை குடுத்து ஒரு சுத்து சுத்து, விழுந்த கட்டத்துல எழுதியிருக்குறத எடுத்துக்கோங்கற டைப்பு.

மூணையும் அளக்க ஒரே ஒரு கணக்குதான் வெச்சேன். ஒரு பந்தயம் ஜெயிக்குற கட்டம் எத்தனையோ அத, பேஅவுட்டோட, அதாவது ஜெயிச்சா தர்ற மடங்கோட, 1 கூட்டிப் பெருக்கு (அந்த 1 ஆடுறவன் வெச்ச கொட்டை திரும்ப வர்றது, பசங்க முக்காவாசிப் பேரு தப்பு பண்றது இதுலதான்). வர்றத மொத்தக் கட்டத்தால வகுத்தா ஒரு கொட்டைக்கு சராசரியா எவ்ளோ திரும்பி வருதுன்னு தெரிஞ்சிரும், மிச்சம் ஆட்டத்த நடத்துறவன் பங்கு, அதாவது ஹவுஸ் எட்ஜ். எக்ஸ்பெக்டட் வேல்யூன்னு பயமுறுத்துறாங்களே, இவ்ளோதான் அது. 1657லயே ஹைகன்ஸ்ங்கற டச்சு விஞ்ஞானி இத புத்தகமா போட்டுட்டாரு.

முதல்ல ரவுலட். ஐரோப்பிய ரவுலட்ல 1 முதல் 36 (பாதி சிவப்பு, பாதி கருப்பு), கூட ஒரு சைபர், ஆக 37 கட்டம். ஒத்த நம்பர்ல வெச்சா 35 மடங்கு, 1 × 36 = 36. சிவப்புல வெச்சா 18 × 2, அதுவும் 36. பன்னண்டு நம்பர் கூட்டத்துல வெச்சா 12 × 3, மறுபடியும் 36. எங்க வெச்சாலும் 37ல 36 திரும்பும், எட்ஜ் 2.70 சதவீதம். அமெரிக்க சக்கரத்துல ரெண்டு சைபர், 38 கட்டம், அதனால 5.26. அதுல மட்டும் 0, 00, 1, 2, 3ன்னு அஞ்சு நம்பர் பந்தயம் ஒண்ணு இருக்கு, 6 மடங்கு தருவாங்க, 5 × 7 = 35, எட்ஜ் 7.89க்கு ஏறிருது, ஏன்னா 36 அஞ்சால வகுபடாது. ஒத்த சைபர் வந்த கதையும் போட்டியாலதான், 1843ல கேசினோ நடத்துன பிளாங்க் சகோதரர்கள் ஜெர்மனியில ஹோம்பர்க்ல மத்த கேசினோக்கள்கிட்ட இருந்து ஆள இழுக்க ஒரு சைபர தூக்கிட்டாங்க.

என் ரிம்ல இது 19 சிவப்பு, 19 கருப்பு, 2 பச்சை. சிவப்புக்கு 19 × 2 = 38, ஒத்த கட்டத்துக்கு 37 மடங்கு, அதுவும் 38. எட்ஜ் எல்லாத்துக்கும் அதே 5 சதவீதம். ஆடுறவன் எத வேணா தேர்ந்தெடுக்கட்டும், விலை மாறாது, ஏத்த இறக்கம் மட்டும்தான் மாறும். எனக்கு இது ரொம்பப் புடிச்சிருக்கு.

பிக் சிக்ஸ் நேர் எதிர். வேகாஸ் சக்கரத்துல 54 கட்டம், கட்டத்துல இருக்குற டாலர் எத்தனையோ அத்தனை மடங்கு தருவாங்க: 1 டாலர் 24, 2 டாலர் 15, 5 டாலர் 7, 10 டாலர் 4, 20 டாலர் 2, அப்புறம் ஜோக்கர் ஒண்ணு, கேசினோ சின்னம் ஒண்ணு, இந்த ரெண்டுல ஒவ்வொண்ணுக்கும் வழக்கமா 40 மடங்கு. நம்ம கணக்கப் போட்டா 48, 45, 42, 44, 42, 41, எல்லாம் 54க்கு. அதாவது 1 டாலர்ல எட்ஜ் 11.11 சதவீதம், 5லயும் 20லயும் 22.22, ஜோக்கர்ல 24.07. ஒரே சக்கரம், ஒரே சுத்து, ஆனா பக்கத்துப் பக்கத்துல நிக்குற ரெண்டு பேரு ரெட்டிப்பு வித்தியாசத்துல விலை குடுக்குறாங்க, அது பலகையில எங்கயும் எழுதியிருக்காது. இந்த ஒரு விஷயத்தாலயே நான் பிக் சிக்ஸ ரவுலட்டுக்குக் கீழதான் வெப்பேன், சுத்துறத பாக்க எவ்ளோ அழகா இருந்தாலும் சரி.

இருந்தாலும் பசங்களுக்கு இதுதான் புடிக்கும்னு எழுதிப் பாத்தேன்: 1க்கு 18 கட்டம், 2க்கு 11, 5க்கு 6, 10க்கு 3, 20க்கு 2. கூட்டுனா 40 வந்துச்சு, பெயின்ட்டும் அடிச்சிட்டேன். ரெண்டாவது நாள் ஒரு பொண்ணு நோட்டோட கடைசிப் பக்கத்த காட்டி, "சார், 20ல 2 × 21 = 42 வருது, 40 கட்டத்துக்கு 42 கொட்டை தர்றீங்க"ன்னா. கரெக்ட். ஆடுறவனுக்கு 5 சதவீதம் லாபம், விடாம 20லயே வெச்சிட்டிருந்தா போதும். அதே பலகையில 2ல வெச்சவனுக்கு 33, 10ல வெச்சவனுக்கும் 33, அதாவது 17.5 சதவீதம் நஷ்டம். கண்ணால பாத்து கட்டம் பிரிச்சா இப்படித்தான் ஆகும்.

சரி ஒரு கட்டத்த கொறச்சிருவோம்னு பாத்தா 1 × 21 = 21, ஒரேயடியா 47.5 சதவீதம் நஷ்டத்துக்குப் போயிருது. பேஅவுட் பெருசா இருக்குற எடத்துல ஒத்தக் கட்டம் அவ்ளோ கனம், அங்க கட்டத்துல கை வெக்கக் கூடாது, பேஅவுட்டதான் நகத்தணும். 20அ 17ஆக்குனா 2 × 18 = 36, எட்ஜ் 10.

மூணாவது டிசைன்ல பந்தயம் கெடையாது. 20 கட்டத்துல ஒண்ணுமில்ல, 10 கட்டத்துல 10 கொட்டை, 6ல 20, 3ல 30, ஒண்ணுல 50. கூட்டுனா 360, நாப்பதால வகுத்தா 9. பத்து குடுத்து ஒன்பது வாங்குற ஆட்டம். கடைக்காரனுக்கு நிம்மதி, ஒரு சுத்துக்கு 50க்கு மேல போகாது. ஆனா பாதி சுத்துல ஏதோ கெடச்ச மாதிரி தெரியுதே, அதுல பாதி போட்ட கொட்டை அப்படியே திரும்ப வர்றதுதான். சின்னப் பசங்களுக்கு முதல் நாள் காட்ட சரி, தேர்வு எதுவும் இல்லாததால எனக்கு சீக்கிரம் சலிச்சிருச்சு.

எட்ஜ மட்டும் பாத்தா பாதிப் படம்தான். ரவுலட் டிசைன்ல சுத்துக்கு 10 கொட்டை வெச்சு சிவப்புல 100 சுத்து ஆடுனா சராசரி நஷ்டம் 50, திட்டவிலக்கம் (ஏத்த இறக்கத்தோட அளவு) ஏறக்குறைய 100, அதனால நாலுல ஒருத்தருக்கும் கொஞ்சம் அதிகமா லாபத்தோடதான் எழுந்து போவாங்க, போயி ஊரெல்லாம் சொல்லுவாங்க. அதையே 10,000 சுத்து ஆடுனா நஷ்டம் 5,000, திட்டவிலக்கம் 1,000தான், லாபத்துல யாரும் எழுந்திருக்க வழியே இல்லன்னு வெச்சுக்கலாம். நஷ்டம் நூறு மடங்கு ஆச்சு, ஏத்த இறக்கம் பத்து மடங்குதான் ஆச்சு, வர்க்கமூலம் பண்ற வேலை இது. ஒத்த நம்பர்ல ஆடுனா அந்த விலக்கம் ஆறு மடங்கு பெருசு, எட்ஜ் அதே 5. 1913ல மொனாக்கோ நாட்டு மான்டே கார்லோ கேசினோல கருப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தப்ப, அடுத்தது சிவப்புதான்னு கொட்டிக் கொட்டி ஜனம் தோத்துச்சு, சக்கரத்துக்கு போன சுத்து ஞாபகம் இருக்காதே.

இன்னொரு சிக்கல் கையால செஞ்சப்பதான் தெரிஞ்சுது. ரிம்ம 400 தடவை சுத்தி பசங்க கோடு போட்டுக் குறிச்சாங்க, கட்டத்துக்கு 10 வரணும், மூணு முன்னப்பின்ன இருக்கலாம். ஒரு கட்டம் 23 தடவை வந்துச்சு. ரிம்மோட ஜாயின்ட் கனமா இருந்து கீழ வந்து நிக்குது, அதுக்கு எதிர்க் கட்டம் அந்த எக்ஸ்ரே நாக்குக்கு நேரா வருது. ரவுலட் டிசைனோட பலவீனம் இங்கதான்: ஒத்தக் கட்டத்தோட வாய்ப்பு 40ல 1, அது 38ல 1 ஆனாலே எட்ஜ் காலி. ஜோசப் ஜாகர்ங்கற யார்க்‌ஷயர்க்காரர் 19ஆம் நூற்றாண்டுல மான்டே கார்லோல சாய்ஞ்ச சக்கரத்த கண்டுபுடிச்சு அள்ளுனது இதே ஓட்டைலதான். நான் எதிர்ப்பக்க ஸ்போக்ல ஈயக் கம்பி சுத்தி சரி பண்ணேன், மறுபடியும் 400 சுத்து எண்ணி பாத்தப்புறம்தான் நம்புனேன்.

கடைசியா பலகையில ஏறுனது ரவுலட்டோட நேர்மையும் பிக் சிக்ஸோட அழகும் கலந்த ஒண்ணு. கட்டம் × (பேஅவுட் + 1) எல்லாத்துக்கும் 36 வரணும்னு முடிவு பண்ணி 36ஓட வகுத்திகள எழுதி உக்காந்தேன்: 18 கட்டத்துக்கு 1 மடங்கு, 12க்கு 2, 6க்கு 5, 3க்கு 11, ஒரே ஒரு கட்டத்துக்கு 35. கூட்டிப் பாத்தா சரியா 40, ரிம்ல ஒரு ஸ்போக்கு கூட மிச்சமில்ல. எங்க வெச்சாலும் எட்ஜ் 10 சதவீதம், அதையும் சக்கரத்துக்கு மேலயே சிவப்பு பெயின்ட்ல எழுதி மாட்டியிருக்கேன்: 40 வெச்சா 36 வரும்.