குடும்பமாக மிஷனெரிப் பயிற்சி: விடுதிப் படிப்பா, வீட்டுப் படிப்பா, நேரே பணித்தளமா?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துச் சபைகளிலிருந்து வடமாநிலப் பணித்தளங்களுக்குப் போக முன்வரும் குடும்பங்களுக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் ஒரு பயிற்சி நிலையத்தின் வளாகத்தில் சில மாதங்களோ ஓராண்டோ தங்கிப் படிப்பது முதல் வழி. வேலையை விடாமல் ஊரிலேயே இருந்துகொண்டு அஞ்சல்வழியாகவோ இணையவழியாகவோ படிப்பது இரண்டாவது. சுருக்கமான ஆயத்தத்தோடு நேரே பணித்தளத்துக்குச் சென்று, அங்கே பல ஆண்டுகளாக ஊழியம் செய்யும் மூத்த மிஷனெரிக் குடும்பத்தின் கீழ்ப் பழகுவது மூன்றாவது. சபைகளின் மிஷனெரிக் குழுக்கள் பெரும்பாலும் செலவையும் காலத்தையும் வைத்தே இவற்றை எடைபோடுகின்றன. மனைவி எந்த வழியில் முழுமையாகப் பயிற்சி பெறுகிறார், மொழி எந்த வழியில் உண்மையாகவே நாவில் ஏறுகிறது என்ற இரண்டையும் கொண்டே நான் இங்கே அளக்கிறேன்.

தெளிவுக்காக ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். கணவர் மின்பணியாளர், மனைவி செவிலியர், மகள் ஆறாம் வகுப்பு, மகன் யு.கே.ஜி. போக நினைக்கும் இடம் ஜார்க்கண்டின் ராஜ்மகால் குன்றுகள். அங்கே குன்றின் மேல் வாழும் பகாடியா மக்கள் பேசும் மால்டோ நம் தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்து மொழி. ஆனாலும் கேட்டவுடன் புரிந்துவிடும் அளவுக்கு நெருக்கமானதன்று. அருகிலேயே வாழும் சந்தால் மக்களின் சந்தாலியோ முற்றிலும் வேறான ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. சந்தைக்கும் அரசு அலுவலகத்துக்கும் இந்தி வேண்டும். ஆக, ஒரு மொழியைக் கற்றால் போதும் என்ற எண்ணத்தோடு கிளம்புகிறவர்கள் போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே திகைத்துப்போவார்கள்.

விடுதிப் படிப்பின் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. வேதபாடம், மானிடவியல், ஒலியியல், கிராம சுகாதாரம், கணக்கு எழுதுதல் என ஒழுங்கான பாடத்திட்டம் உண்டு. அதற்கும் மேலாக, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து ஒரே கூடத்தில் சாப்பிடும் நான்கைந்து குடும்பங்களுக்கிடையே வரும் மனத்தாங்கல்களை ஆறப்போட்டு ஒப்புரவாகும் பழக்கம் அங்கேதான் வரும். ஊழியம் சட்டத்தின் எல்லைக்குள் நடக்க வேண்டும் என்பதையும் முறையாகக் கற்பிக்க வாய்ப்புள்ள இடம் அதுவே. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது; ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. ஒடிசாவில் 1967 முதலே இதுபற்றித் தனிச் சட்டம் உண்டு. ஜார்க்கண்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், மதமாற்றச் சடங்கை நடத்துகிறவர் மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும் என்கிறது. இதையெல்லாம் அறியாமல் போகிறவரால் அவருக்கு மட்டுமன்றி, அந்த ஊரில் ஏற்கெனவே இருக்கும் விசுவாசிகளுக்கும் தொல்லை வரும்.

குறை எங்கே என்றால், தமிழ்நாட்டிலுள்ள பயிற்சி வளாகத்தில் தமிழ்க் குடும்பங்களே கூடியிருக்கும்போது, காலையில் இட்லி, மாலையில் தமிழ்ப் பாடல், இடையில் தமிழ் வகுப்பு என்று நாள் ஓடிவிடுகிறது. பண்பாடு கடந்த ஊழியத்துக்கான பயிற்சி, பண்பாட்டைக் கடக்காமலேயே முடிந்துவிடுகிறது. குழந்தைக் காப்பகம் இல்லாத வளாகமாயின், யு.கே.ஜி. பையனைப் பார்த்துக்கொண்டு பாதி வகுப்பை இழப்பவர் தாய்தான். சான்றிதழில் இருவர் பெயரும் இருக்கும். பயிற்சி பெற்றவர் ஒருவராகவே இருப்பார்.

வீட்டுப் படிப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் வெளிநிலைப் படிப்பு போன்றவை இறையியல் அறிவுக்கு நல்ல அடித்தளம், சம்பளம் நிற்காது, மகளின் பள்ளி மாறாது. ஆனால் இரவுப் பணி முடித்து வரும் செவிலியர் எந்த நேரத்தில் புத்தகத்தைத் திறப்பார் என்று யாரும் கேட்பதில்லை. இந்த வழிக்குப் பலரும் கவனிக்காத ஒரு நன்மை உண்டு: காரைக்குடியின் உணவகங்களிலும் கட்டட வேலைகளிலும் வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் உழைக்கிறார்கள். அவர்களிடம் பிரசங்கிக்காமல், மாணவராகப் போய் இந்தி பேசிப் பழகலாம். அவர்களுக்கு மருத்துவமனையிலும் வங்கியிலும் துணைக்கு நிற்கலாம். மொழி தெரியாத ஊரில் ஒரு மனிதர் எப்படிக் கூனிக் குறுகுகிறார் என்பதை எந்தப் பாடப் புத்தகத்தையும்விட இது நன்றாகக் காட்டும். செட்டிநாட்டில் கிறிஸ்தவராக வாழ்வதே சிறுபான்மை அனுபவம்தானே என்று சிலர் சொல்வதுண்டு. அது உண்மையே, ஆனால் இங்கே நாம் மொழியில் சிறுபான்மையினர் அல்லர்.

நேரே பணித்தளத்துக்குப் போவதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் முன்னுதாரணங்கள் வலுவானவை. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், இளைஞர்கள் கணக்கையும் அந்நிய ஊரின் பேச்சையும் கற்றது கிட்டங்கி என்ற கடைக்கூடத்தில், மூத்த முகவரின் கண்பார்வையில்தான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் தமிழெழுத்துப் பழகினார். 1693இல் ஓரியூரில் உயிர்துறந்த போர்ச்சுக்கீசிய இயேசு சபைத் துறவி அருளானந்தர், மறவர் நாட்டு மக்களோடு மக்களாக, உள்ளூர்த் துறவியரைப் போன்ற பண்டார சுவாமியின் கோலத்தில் வாழ்ந்தவர். ஆனால் இவர்கள் எல்லோரும் குடும்பமில்லாமல் போன ஆண்கள். நகரத்தார் முகவர் மூன்றாண்டுக் கணக்கை முடித்துத் திரும்பும் வரை, வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்தார்கள், அருளானந்தர் துறவி, சீகன்பால்குவோ தமிழ் கற்றபோது மணமாகாதவர். குடும்பமாகப் போகிறவர்களுக்கு, வேதத்தை வங்காளத்தில் மொழிபெயர்த்த ஆங்கில மிஷனெரி வில்லியம் கேரியின் கதைதான் பொருந்தும். 1793இல் வங்காளத்துக்கு வர அவருடைய மனைவி டாரத்தி முதலில் மறுத்து, பிறகு அரைமனதோடு கிளம்பினார். மறுவருடமே ஐந்து வயது மகன் பீட்டரை நோய்க்குப் பறிகொடுத்தார். மனநலம் குன்றி 1807இல் இறந்தார். கேரியின் மொழிபெயர்ப்புகளைப் போற்றும் கூட்டங்களில் இந்தப் பகுதி அநேகமாக விடுபட்டுப்போகிறது.

இருந்தாலும் மொழி என்று வந்தால் பணித்தளத்துக்கு ஈடில்லை. தமிழ் நாவுக்குப் புதிதான இந்தியின் க (ka), க (kha), க (ga), க (gha) என்ற நான்கு ஒலி வேறுபாடுகளைத் தமிழெழுத்தில் எழுதிக் காட்டக்கூட முடியாது. இந்த வாக்கியமே அதற்குச் சான்று. இந்தியில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. இறந்தகாலத்தில் வினைமுற்று பல இடங்களில் எழுவாயை விட்டுவிட்டுச் செயப்படுபொருளோடு ஒத்துப்போகும். இவற்றை வகுப்பில் விளக்கலாம். கடைக்காரர் சிரிக்க, கிணற்றடிப் பெண்கள் திருத்த, நாள்தோறும் பேசினால்தான் நாவு திரும்பும். கிணற்றடியில் அதிக நேரம் இருக்கக்கூடியவர் மனைவி என்பதால், சரியாக ஏற்பாடு செய்தால் கணவரைவிட அவரே முதலில் பேசத் தொடங்குவார். ஏற்பாடு சரியில்லாவிட்டால், மூத்த மிஷனெரிக்கு வண்டி ஓட்டவும் கூட்டத்துக்குப் பாய் விரிக்கவும் கணவர் போய்விட, மனைவி மலேரியாக் காய்ச்சலில் படுத்த பிள்ளையோடு வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்.

என் தீர்ப்பு கலவையானது. ஆனால் மூன்றுக்கும் சம எடை தருவதாகாது. ஊரில் ஓராண்டு, வேலையோடு வடமாநிலத்தவரிடம் இந்தி. பிறகு காப்பகம் உள்ள, தமிழரல்லாத குடும்பங்களும் படிக்கும் வளாகத்தில் குறுகிய விடுதிப் படிப்பு. பெரும்பகுதிக் காலம் பணித்தளத்தில், முதல் இரண்டு ஆண்டுகள் மொழி கற்பதைத் தவிர வேறு பொறுப்பில்லாமல். இதில் இரண்டாண்டு என்ற பகுதிதான் சபைகளுக்குக் கசக்கும். மாதாமாதம் காணிக்கை தந்து தாங்குகிறவர்கள், எத்தனை பேர் விசுவாசத்துக்கு வந்தார்கள் என்ற ஆத்துமாக் கணக்கை எதிர்பார்க்கும்போது, “மனைவி இப்போது சந்தையில் பேரம் பேசுகிறார்” என்ற ஜெபக்கடிதத்தை யார் மகிழ்ச்சியோடு வாசிப்பார்கள்?

மகளின் படிப்பு எல்லா வழிகளிலும் முள்ளாகவே நிற்கிறது. ஆறாம் வகுப்பில் இந்தி வழிக்கு மாறலாம். ஒன்பதில் மாறுவது கொடுமை. எனவே இந்தக் குடும்பம் கிளம்புவதானால் அடுத்த இரண்டு கல்வியாண்டுகளுக்குள் கிளம்ப வேண்டும். இல்லையேல் அவள் பத்தாம் வகுப்பை இங்கேயே முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். விடுதிப் பள்ளியில் விட்டுச் செல்வதானால், அதை முடிவெடுக்கும் கூட்டத்தில் அவளையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.