சமாளிப்பதற்கு எத்தனை வினைகள்: கிளிநொச்சியில் ஓர் ஆங்கில வகுப்பு

கிளிநொச்சியில், ஏ9 வீதியோரமாக உள்ள தங்குவிடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வந்தவரை வரவேற்கவும், அறையைக் காட்டவும், காலை உணவு எத்தனை மணிக்கு என்று சொல்லவும் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் போதுமாகவே இருந்தது. குழாயில் தண்ணீர் வராத நாளில்தான் அது போதாமற் போகும். சென்ற ஆண்டு ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்த ஓர் இளைஞர், தமிழ் விளங்கினாலும் பேச வராதவர், சினத்தோடு படியிறங்கி வந்தபோது, ‘உங்களுக்கு என்ன பிரச்சினை?’ என்று நாங்கள் அன்றாடம் கேட்பதை அப்படியே ‘வட் இஸ் யுவர் ப்ரொப்ளம்?’ என்று கேட்டுவிட்டேன். நான் விசாரித்ததாக நினைத்தேன். அவர் என்னைச் சண்டைக்கு இழுப்பவளாக நினைத்தார். முகாமையாளர் வந்து பேசித்தான் அன்றைய விடயம் அடங்கியது.

அதன் பிறகுதான், இக்கட்டான நேரங்களில் பேசுவதற்கான ஆங்கிலம் என்று துண்டுப்பிரசுரம் போட்டிருந்த ஒரு வகுப்பில் சேர்ந்தேன். நகரிலுள்ள தனியார் கல்வி நிலையம் ஒன்று அதை நடத்துகிறது. குறை சொல்ல வேண்டிய இடங்களும் இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எட்டுச் சனிக்கிழமைகள், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம், கட்டணம் 6,000 ரூபாய், கைநூலுக்குத் தனியாக 400 ரூபாய். எங்கள் பிரிவில் 26 பேர் இருந்தோம். தாதியர் இருவர், வங்கியில் வேலை செய்பவர்கள், கண்ணிவெடி அகற்றும் பிரிவில் அறிக்கை எழுதும் ஓர் அக்கா, உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் எனப் பலவிதமானவர்கள். கற்பித்தவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. வயது வேறுபாடின்றி எல்லோரும் அவரை மிஸ் என்றே அழைத்தோம்.

முதல் வகுப்பில் மிஸ் கரும்பலகையில் ‘சமாளித்தல்’ என்ற ஒரே சொல்லைத் தமிழில் எழுதிவிட்டு, கடைசியாக எதைச் சமாளித்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். கடன் தவணையைச் சமாளித்தேன், மாமியாரைச் சமாளித்தேன், ஆளில்லாத இரவுப் பணியைச் சமாளித்தேன், பக்கத்து வீட்டு ஒலிபெருக்கியைச் சமாளித்தேன் என்று பதில்கள் வந்தன. தமிழில் இவை அனைத்துக்கும் ஒரே வினை போதும் என்பதையும், ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வினை வேண்டும் என்பதையும் அந்தப் பட்டியலை வைத்தே அவர் காட்டினார். ‘டீல் வித்’ என்றால் விடயத்தில் இறங்கி ஏதாவது செய்தல். ‘கோப் வித்’ என்றால் சுமை அப்படியே இருக்க, நாம் உடைந்துபோகாமல் தாக்குப்பிடித்தல். ‘புட் அப் வித்’ என்றால் எதையும் மாற்றாமல் சகித்துக்கொண்டிருத்தல். ஒலிபெருக்கியை ‘டீல் வித்’ செய்தவர் எழுந்துபோய் நிறுத்தச் சொன்னவர். ‘புட் அப் வித்’ செய்தவர் விடியும்வரை தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தவர். ‘ஹாண்டில்’ என்பதற்குள் ‘ஹாண்ட்’ என்ற கை இருப்பதும், நம்முடைய கையாளுதலுக்குள்ளும் அதே கை இருப்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தச் சொல்லை அதன் பின்னர் நான் மறக்கவேயில்லை.

வினையோடு ஒட்டிக்கொண்டு வரும் சிறு சொற்களைக் கற்பித்த விதமே இந்த வகுப்பின் சிறப்பு என்பேன். ‘புட் அப்’ என்றால் ஒருவரைத் தங்கவைத்தல் என்றும் பொருள்படும்; ‘புட் அப் வித்’ என்றால் சகித்தல். ஆகவே என் மேசையிலிருந்து ‘வீ கான் புட் யூ அப் ஃபோ டூ நைற்ஸ்’ என்று சொன்னால் இரண்டு இரவுக்கு இடம் தருகிறோம் என்பது பொருள். ‘வீ கான் புட் அப் வித் யூ ஃபோ டூ நைற்ஸ்’ என்று சொல்லிவிட்டால் இரண்டு இரவுக்கு உங்களைப் பொறுத்துக்கொள்கிறோம் என்றாகிவிடும். வகுப்பு சிரித்து முடிய நெடுநேரமானது. ‘சோர்ட் அவுட்’ என்பதில் ‘இற்’ என்ற சிறுசொல் நடுவில்தான் நிற்கும், ‘சோர்ட் இற் அவுட்’ என்றே சொல்ல வேண்டும் என்பதும், ‘லுக் இன்ரு’ என்பதில் அது கடைசியில்தான் வரும் என்பதும் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தராதவை. இவ்விரண்டுக்கும் பொருளிலும் தூரம் இருக்கிறது. முன்னையது சரிசெய்து தருவதாக வாக்களிக்கிறது. பின்னையது என்ன நடந்தது என்று பார்ப்பதாக மட்டுமே சொல்கிறது. முறைப்பாடு கேட்கும் மேசையில் இருப்பவர் இதைத் தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டால், மாலையில் அதே விருந்தினர் திரும்பி வந்து நிற்பார்.

ஐந்தாம் வகுப்பில் ‘கெட் த்ரூ’, ‘கெட் ஓவர்’ ஆகிய இரண்டும் வந்தன. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கிய நாட்களைப் பற்றி இரண்டு வசனம் சொல்லுமாறு மிஸ் கேட்டார். கண்டாவளைப் பக்கமிருந்து வரும் ஒரு பிள்ளை எழுந்து, ‘வீ கொட் த்ரூ த ஃப்ளட். மை மதர் ஹாஸ் நொட் கொட் ஓவர் இற்’ என்றாள். வெள்ளத்தைக் கடந்துவிட்டோம், அம்மா இன்னும் அதிலிருந்து மீளவில்லை என்பது பொருள். மிஸ் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. சற்று நேரம் கழித்து அந்த இரண்டு வசனங்களையும் கரும்பலகையில் எழுதினார், நாங்களும் கொப்பியில் எழுதிக்கொண்டோம்.

பணிவாகச் சொல்லும் தொடர்களுக்கு இரண்டு வகுப்புகள் ஒதுக்கப்பட்டிருந்தன. ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்றால் பயப்படுகிறேன் என்றே நாங்கள் படித்திருந்தோம். விரும்பத்தகாத செய்தியைச் சொல்லுமுன் வைக்கும் மெத்தை அது என்று மிஸ் விளக்கினார். சினத்தோடு நிற்பவரிடம் ‘காம் டவுன்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், நெருப்பில் நெய் ஊற்றுவதைப் போலாகும் என்றார். எனக்குப் பழி தேடித்தந்த அந்தக் கேள்வியையும் ‘வட் சீம்ஸ் ரு பீ த ப்ரொப்ளம்?’ என்று மாற்றித் தந்தார். ‘வூட் யூ மைண்ட் வெயிற்றிங்?’ என்று காத்திருக்கச் சொல்லிக் கேட்டால், சம்மதிப்பவர் ‘நோ’ என்பார் என்பதைத்தான் எங்களால் இலகுவில் ஏற்க முடியவில்லை. காத்திருப்பதில் எனக்கு மனக்குறை இல்லை என்பதே அந்த ‘நோ’வின் பொருள்.

இனி, குறைகள். கைநூல் மங்கலான நிழற்பிரதி என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் இரண்டு இடங்களில் ‘கோப் அப் வித்’ என்று அச்சாகியிருக்கிறது. நம் நாட்டிலும் இந்தியாவிலும் பரவலாகக் கேட்கும் பிழை அது. ‘அப்’ அங்கே வரவே கூடாது. மிஸ் வகுப்பில் திருத்திச் சொன்னார் என்றாலும், கைநூலை மட்டும் வைத்துப் படிக்கும் தங்கைக்கோ தம்பிக்கோ யார் திருத்திச் சொல்வது? 400 ரூபாய் வாங்கும் நிலையம் ஒருமுறை மெய்ப்புப் பார்த்திருக்கலாம்.

நடித்துப் பேசுவதற்குத் தந்த உரையாடல்களில் எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை. லண்டன் சுரங்க ரயிலில் பையைத் தொலைத்தவர், விமான நிலையத்தில் பயணத்தைத் தவறவிட்டவர், உணவகத்தில் தவறான வைன் வந்தவர் என்று எல்லாம் எங்கோ நடப்பவை. அரசியலமைப்பில் ஆங்கிலம் இணைப்பு மொழி என்று இருக்கிறது. வன்னியில் அந்தச் சொல்லுக்கு உயிர் வருவது, கொழும்புத் தலைமை அலுவலகத்தில் தமிழ் தெரியாத ஒருவரோடு சிங்களம் தெரியாத நாங்கள் தொலைபேசியில் தடுமாறும்போதுதான். இருபக்கமும் அரைகுறை ஆங்கிலம், இருபக்கமும் அவசரம். அப்படியொரு உரையாடலாவது இருந்திருந்தால் வங்கியிலிருந்து வந்தவர்கள் கூடுதலாகப் பயனடைந்திருப்பார்கள்.

26 பேர் கொண்ட வகுப்பில் எட்டு வாரங்களில் நான் எழுந்து நின்று பேசியது மூன்றே தடவைகள். குரலின் ஏற்ற இறக்கத்துக்கு நேரமே ஒதுக்கப்படவில்லை. ‘ஐ வில் சீ வட் ஐ கான் டூ’ என்பதைக் கனிவாகவும் சொல்லலாம், போய் வேலையைப் பார் என்பதைப் போலவும் சொல்லலாம். அந்த வித்தியாசத்தைக் கைநூல் தர முடியாது.

மக்களோடு முகம்கொடுத்து வேலை செய்பவர்கள் தாராளமாகச் சேரலாம், கட்டணம் வீண்போகாது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. சேர்பவர்கள் முன்வரிசையில் இடம்பிடிப்பது நல்லது. பின்னால் மின்விசிறியின் சத்தத்தில் வினையின் கடைசி எழுத்துகள் காதில் விழுவதில்லை.

சென்ற மாதம் ஓரிரவு மின்சாரம் தடைப்பட்டு, மின்பிறப்பாக்கியும் இயங்க மறுத்தது. அறிவியல்நகருக்கு விரிவுரைக்காக வந்து தங்கியிருந்த வெளிநாட்டவர் ஒருவர் கைப்பேசி வெளிச்சத்தோடு இறங்கி வந்தார். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் த ஜெனரேற்றர் ஹாஸ் புரோக்கன் டவுன். வூட் யூ மைண்ட் வெயிற்றிங் ரென் மினிற்ஸ்?’ என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் ‘நோ’ என்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்த பிறகுதான் மிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது.