கவுன்டர் வைக்க பாஷா, பேட்ச் கோப்பா?

ஒரு ஃபோல்டரில் இருக்கும் படங்களுக்கு 001, 002 என்று வரிசையாகப் பெயர் மாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். இதை பாஷிலும் (Bash, லினக்ஸில் கட்டளைகளை இயக்கும் நிரல்) எழுதியிருக்கிறேன், விண்டோஸ் பேட்ச் கோப்பிலும் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் கோப்பு) எழுதியிருக்கிறேன். எத்தனையாவது படம் என்று எண்ணிக்கொண்டே போகும் எண்தான் கவுன்டர்.

இரண்டுக்குமே வேரியபிள் (ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்) என்றால் அடிப்படையில் ஸ்ட்ரிங்தான், அதாவது எண்ணல்ல, வெறும் எழுத்து வரிசை. 5 இருக்கும் வேரியபிளோடு கூட்டல் குறியும் 1-உம் போட்டுச் சும்மா எழுதினால் 6 கிடைக்காது, 5+1 என்ற மூன்று எழுத்துகள் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். இது கணக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும். பாஷில் அதற்கு டாலர் குறியும் இரட்டை அடைப்புக்குறியும், பேட்ச்சில் செட் கட்டளையோடு சாய்கோடும் ஏ என்ற ஆங்கில எழுத்தும் (set /a).

லூப்புக்குள், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், போனதும்தான் பேட்ச் படுத்தும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் மொத்தப் பகுதியையும் ஒரே தடவையில் படித்து, சதவீதக் குறி போட்ட வேரியபிள்களுக்கு அப்போதே மதிப்பை நிரப்பிவிடுகிறது, அதனால் கவுன்டர் உள்ளே ஏறிக்கொண்டே இருந்தாலும் திரையில் 0, 0, 0 என்றுதான் வரும். டிலேய்டு எக்ஸ்பான்ஷனை (அந்தந்த வரி ஓடும்போதுதான் மதிப்பை நிரப்பும் வசதி) இயக்கிவிட்டு, சதவீதக் குறிக்குப் பதில் ஆச்சரியக்குறி போட்டால் சரியாகும். ஆனால் கோப்பின் பெயரிலேயே ஆச்சரியக்குறி இருந்தால் அதை விழுங்கிவிடும், பெயர் மாற்றும் ஸ்கிரிப்டில் இது நிஜமான ஆபத்து.

பாஷிலும் ஒரு குழி உண்டு. பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் குறி) வழியாக வைல் லூப்புக்குத் தரவு அனுப்பினால் அந்த லூப் தனி சப்ஷெல்லில், அதாவது பாஷின் தனிப் பிரதி ஒன்றில், ஓடும், வெளியே வந்து பார்த்தால் கவுன்டர் பழைய 0-தான். பைப்பை விட்டு, கோப்பிலிருந்து நேராக உள்ளே திருப்பிவிட்டால் போதும்.

அப்புறம் இரண்டுக்கும் பொதுவான ஒன்று, என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். கவுன்டரையே 001 என்று பூஜ்யத்தோடு வைத்தால் 007 வரை ஒழுங்காக ஓடும், 008-ஐக் கணக்கில் போட்டதும் தகராறு. பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை இரண்டுமே ஆக்டலாக, அதாவது எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்முறையாக, எடுத்துக்கொள்கின்றன, ஆக்டலில் 8 என்ற இலக்கமே கிடையாது. அதனால் கவுன்டர் வெறும் 8 ஆகவே இருக்கட்டும், பூஜ்யம் சேர்த்த பெயர் வேறொரு ஸ்ட்ரிங் வேரியபிளில் இருக்கட்டும். அந்தப் பூஜ்யத்தைச் சேர்க்க பாஷில் பிரின்ட்எஃப் கட்டளை ஒரே வரியில் முடித்துக் கொடுக்கும். பேட்ச்சில் முன்னால் 00 ஒட்டி, கடைசி மூன்று எழுத்தை வெட்டி எடுக்க வேண்டும்.

என் ஓட்டு பாஷுக்குத்தான். இடைவெளி விஷயத்திலும் அப்படித்தான். சமக்குறிக்கு முன் தெரியாமல் இடைவெளி விட்டால் பாஷ் உடனே பிழை காட்டும், பேட்ச் அதை வேரியபிள் பெயரோடு சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளும், நாம் மணிக்கணக்கில் தேடுவோம்.

விண்டோஸை விட முடியாதவர்கள் பவர்ஷெல் (விண்டோஸின் இன்னொரு கட்டளை மொழி) பக்கம் போங்கள். அங்கே இடப்பக்கம் இருப்பதுதான் எண்ணா, ஸ்ட்ரிங்கா என்ற வகையைத் தீர்மானிக்கும்: மேற்கோளில் இட்ட 5-ஓடு 1-ஐக் கூட்டினால் 51, 1-ஓடு மேற்கோளில் இட்ட 5-ஐக் கூட்டினால் 6. கவுன்டரை இன்ட் (முழு எண்) என்று முதல் வரியிலேயே அறிவித்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.