அழுமூஞ்சிக்கு எண்ணெய் விடாதீர்கள்

என் கிடார் பெடலின் கிரை பேபி என்ற பெயரை எங்கள் மெல்லிசைக் குழுவில் யாரும் சொல்வதில்லை. அழுமூஞ்சிதான். "அண்ணாச்சி, அழுமூஞ்சிய எடுத்து வச்சாச்சா?" என்று கீபோர்டு தம்பி கேட்காமல் வேன் கிளம்பாது.

2015-ல் வாங்கியது. ஜிம் டன்லப் கம்பெனியின் ஜிசிபி 95, கறுப்பு வா பெடல். அன்றிலிருந்து திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கக் கோயில் கொடைத் திருவிழாக்கள், கல்யாண ரிசப்ஷன்கள் எல்லாவற்றுக்கும் கூடவே வருகிறது. புதிதாக வாங்கிய வாரத்தில் எழுதும் விமர்சனங்கள் நிறைய உண்டு. இது தேரிக்காட்டுச் செம்மண்ணும் திருச்செந்தூர் உப்புக்காற்றும் தின்ற பெடலைப் பற்றியது.

வா பெடல் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. கிடாரின் ஒலியில் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் தூக்கிக் காட்டும் வடிகட்டி இது. குதிகாலை அழுத்தினால் அந்த மேடு சுமார் 400 ஹெர்ட்ஸில் இருக்கும். முன்பாதத்தை அழுத்தினால் 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறும். நம் வாய் 'உ'விலிருந்து 'ஆ'வுக்குத் திறக்கும்போது நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான், அதனால்தான் கிடார் 'வா வா' என்று கூப்பிடுகிறது. 1966-ல் கலிஃபோர்னியாவில், தாமஸ் ஆர்கன் கம்பெனியின் பிராட் பிளங்கெட் என்ற இன்ஜினியர் ஒரு ஆம்பிளிஃபயரின் ஸ்விட்சுக்குப் பதில் திருகும் கன்ட்ரோல் போட்டுப் பார்க்கப்போய்க் கிடைத்த சத்தம் இது. முதலில் வந்த பெடலில் கிளைட் மெக்காய் என்ற டிரம்பட் கலைஞரின் பெயர் இருந்தது. டிரம்பட் வாயைக் கையால் மூடித் திறப்பது போன்ற ஒலி என்பதால்.

சரி, நம் கதைக்கு வருவோம். மூன்று வருடம் நன்றாக உழைத்தது. அப்புறம் கால் வைத்தால் கரகரவென்று சத்தம். கூடவே மிதிபலகை கீச்கீச் என்றது. நான் செய்த காரியம்: மனைவியின் தையல் மிஷின் எண்ணெயை எடுத்து, தெரிந்த இடுக்கில் எல்லாம் நாலு சொட்டு விட்டேன். அன்று இரவு கொடையில் கீச்சுச் சத்தம் போயே போச்சு, எனக்கு ஒரே பெருமை. இரண்டாவது மாதம் அந்த எண்ணெயில் செம்மண் ஒட்டி, அம்மியில் அரைத்த விழுதுபோல் உள்ளே அப்பிக்கொண்டது. கரகரப்பு நாலு மடங்கு. "அழுமூஞ்சிக்குத் தொண்டை கட்டிட்டோ அண்ணாச்சி?" என்றான் தம்பி, மைக் ஆனில் இருப்பது தெரியாமல்.

குற்றம் பெடல் மீது இல்லை, என் மீதுதான். அன்றைக்குத்தான் முதல்முறை அடித்தட்டைக் கழற்றினேன். நாலு ரப்பர் கால்களின் நடுவே இருக்கும் திருகுகளைக் கழற்றினால் தட்டு கையோடு வந்துவிடும். உள்ளே பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. மிதிபலகையிலிருந்து ஒரு பல்வரிசைச் சட்டம் கீழே இறங்குகிறது. அது ஒரு குட்டிப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரின் தண்டில் உட்கார்ந்திருக்கிறது. நம் ரேடியோ மெக்கானிக் பாஷையில் சொன்னால் 'வால்யூம்'.

பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பல்வரிசையைத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப்பசையைத் துடைத்தேன். பிறகு பொட்டென்ஷியோமீட்டரின் மின்கால்கள் இருக்கும் இடைவெளி வழியாகக் கான்டாக்ட் கிளீனரை ஒரே ஒரு பீச்சு உள்ளே விட்டு, மிதிபலகையை இருபது முப்பது தடவை ஆட்டினேன். முக்கால்வாசிக் கரகரப்பு அதிலேயே போனது. பல்வரிசைக்கும் அச்சுக்கும் சிலிகான் கிரீஸ், குண்டூசித் தலை அளவு. அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை இருந்தது. குதிகால் பக்கம் ஒலி இன்னும் கொஞ்சம் உருண்டையாக, அடித்தொண்டையில் வேண்டும். இதற்காக விலை கூடிய வேறு பெடலுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். வேண்டியிருந்தது ஒரு பல் மட்டும்தான். பல்வரிசையைச் சக்கரத்தோடு ஒட்டிப் பிடிக்கும் சிறு தகட்டின் திருகைத் தளர்த்தினால் சட்டத்தை விலக்க முடியும். விலக்குவதற்கு முன் இரண்டிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன், கெட்டுப்போனால் பழைய இடத்துக்கே திரும்ப. சக்கரத்தை ஒரே ஒரு பல் நகர்த்தி மறுபடி கோத்துவிட்டு, ஆம்பிளிஃபயரைச் சன்னமாக வைத்து ஒரு கார்டை மீட்டிப் பார்த்தேன். முதலில் தப்பான பக்கம் நகர்த்திவிட்டேன். முன்பாதத்தில் காதைக் கிழித்தது. எதிர்ப்பக்கம் ஒரு பல். அவ்வளவுதான், நான் கேட்ட அடித்தொண்டை வந்துவிட்டது. சேர்த்த பணம் ஃபிரிட்ஜுக்குப் போனது.

ஒரு எச்சரிக்கை. மிதிபலகை கடைசிக்குப் போகும்முன் பொட்டென்ஷியோமீட்டர் தன் கடைசியில் முட்டக் கூடாது. முட்டினால் உங்கள் உடம்பின் எடை முழுக்க அந்தத் தண்டில் இறங்கும். நகர்த்திய பிறகு இரண்டு முனையிலும் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள்.

ஆன்-ஆஃப் ஸ்விட்ச் இருப்பது முன்பாதத்துக்கு அடியில். அதன் நட்டைத் தளர்த்தி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ரொம்ப ஏற்றினால் வாசிக்கும் வேகத்தில் தானாக அணைந்துவிடும். ரொம்ப இறக்கினால் ஏறி நின்று மிதிக்க வேண்டும். மேலே இருந்த ரப்பர் மெத்தை என்னிடம் எங்கோ விழுந்துவிட்டது. சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டு ஆறு வருடமாக அந்த வேலையைப் பார்க்கிறது. மிதிபலகையின் இறுக்கத்துக்கும் அச்சில் நட் இருக்கிறது. கால் எடுத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும் அளவு எனக்குச் சரி.

கடைசியில் 2021-ல் பொட்டென்ஷியோமீட்டர் நிஜமாகவே தேய்ந்துபோனது. இந்த வகைப் பெடல் எல்லாவற்றிலும் தேயும் பாகம் அதுதான், பைக்குக்குப் பிரேக் ஷூ மாதிரி. இதிலும் ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன்: 100 கிலோ ஓம்தானே என்று எலக்ட்ரானிக்ஸ் கடையில் சாதா 'வால்யூம்' வாங்கிப் பொருத்தினேன். சத்தம் முக்கால் தூரம் தூங்கிவிட்டு, கடைசி அரை அங்குலத்தில் திடீரென்று துள்ளியது. மிதிபலகை முழுக்க ஆடினாலும் தண்டு முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. அந்தக் குறைந்த சுற்றுக்குள் மாற்றம் சீராக வரும்படி வா பெடலுக்கென்று தனியாகச் செய்கிறார்கள். அப்படிப்பட்ட டன்லப்பின் ஹாட் பாட்ஸ் என்ற பொட்டென்ஷியோமீட்டரை வரவழைத்து மூன்று ஒயரைச் சால்டர் வைத்ததும் பழைய குரல் திரும்பியது.

சர்க்யூட்டில் கை வைத்தது ஒரே இடத்தில். உள்ளே இருக்கும் இண்டக்டர் சுருளுக்குப் பக்கவாட்டில் 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று உண்டு. அதன் மதிப்பைக் கூட்டினால் அந்த மேடு கூர்மையாகி, ஒலி இன்னும் பேச்சு மாதிரி ஆகும். 100 போட்டுப் பார்த்தேன், கொடை மேடையின் பெரிய ஸ்பீக்கரில் விசில் அடிப்பதுபோல் குத்தியது. 47-ல் நிறுத்திக்கொண்டேன்.

மின்சாரத்துக்கு 9 வோல்ட் டிசி. அடாப்டர் முனையின் நடுவில் நெகட்டிவ் இருக்க வேண்டும், வாங்கும்போது அந்தப் படத்தைப் பாருங்கள். ஜெனரேட்டர் ஓடும் ஊர்களில் மலிவு அடாப்டர் 'ம்ம்ம்' என்று முனகும், அங்கே நான் பேட்டரிதான். பெடல் இழுக்கும் கரன்ட் சொற்பம், மாதக்கணக்கில் வரும். ஆனால் வாசித்து முடித்ததும் கிடார் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். அது சொருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

பிடிக்காதது? ஆன் ஆகியிருக்கிறதா என்று காட்ட ஒரு விளக்குகூடக் கிடையாது. இருட்டு மேடையில் காதுதான் சொல்ல வேண்டும். கனமும் ஒன்றரை கிலோவுக்கு மேல், தோள் பையில் தெரியும். புதிதாக வாங்குபவர்களுக்கு என் மதிப்பெண் பத்துக்கு எட்டு. பழையதை வாங்குவதாக இருந்தால் இன்னும் நல்லது; கரகரப்பைக் காட்டிப் பேரம் பேசுங்கள், பாதிக்குப் பாதி அது அழுக்காகத்தான் இருக்கும்.

என் கேபிள் பெட்டியில் இப்போது ஒரு ஸ்பேர் பொட்டென்ஷியோமீட்டர், கான்டாக்ட் கிளீனர், பிரஷ், டியூப் துண்டு இரண்டு. எண்ணெய்க் குப்பியை மிஷின் டிராயரிலேயே திருப்பி வைத்துவிட்டேன். பாதி காலியானது எப்படி என்று வீட்டில் இன்னும் கேட்கவில்லை.